கத்திக்குக் கீழே ஒரு மனசு

நிஞ்ஜா என்றதும் கண் முன்னால் என்ன வரும்? கறுப்பு உடை, கண் மட்டும் தெரிகிற முகமூடி, ராத்திரி நேரத்தில் கூரை மேல் ஓட்டம், நட்சத்திர வடிவத்தில் ஒரு இரும்புத் தகடு. சரி, பெண் நிஞ்ஜா என்றால்? அதே கறுப்பு உடைதான், துணி மட்டும் கொஞ்சம் குறைச்சல். படம் ஆகட்டும், வீடியோ கேம் ஆகட்டும், இந்த ஃபார்முலாவை விட்டு நகர்ந்தவர்கள் ரொம்பக் கம்மி.

அப்படிப்பட்ட பெண் நிஞ்ஜாக்களைக் கூட்டிக்கொண்டு வந்து, வகுப்பில் வரிசையாக உட்கார வைத்து, டீச்சரிடம் திட்டு வாங்க வைத்திருக்கிறார் ஒரு ஜப்பானிய மாங்கா ஓவியர். (மாங்கா என்றால் ஜப்பானிய காமிக்ஸ். ஊறுகாய் போடுகிற மாங்காய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை :-) )

தொடரின் பெயர் 'குனோயிச்சி சுபாகி நோ முனே நோ உச்சி'. தமிழில் சொன்னால் 'பெண் நிஞ்ஜா சுபாகியின் மனசுக்குள்ளே'. எழுதி வரைந்தவர் சோஇச்சிரோ யமாமோட்டோ. ஷோகாகுகான் பதிப்பகத்தின் 'கெஸ்ஸான்' மாத இதழில் 2018 ஜனவரியில் ஆரம்பித்தது. 2022 ஏப்ரல் முதல் ஜூலை வரை, குளோவர்வொர்க்ஸ் ஸ்டுடியோவின் தயாரிப்பில் 13 எபிசோடு அனிமேவாகவும் வந்தது. யமாமோட்டோவை வேறொரு தொடர் மூலமாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம். ஒரு பையனை ஒரு பெண் விடாமல் சீண்டிக்கொண்டே இருக்கும் 'டகாகி-சான்'. 2013-ல் ஆரம்பித்து 2023 வரை வந்தது, 66-வது ஷோகாகுகான் மாங்கா விருதும் வாங்கியது.

சுபாகியின் கதை ரொம்ப சிம்பிள். மலைக்காட்டில் ஒரு நிஞ்ஜா கிராமம். அங்கே பயிற்சி எடுக்கிற பெண்கள் மட்டும் தனியாக வாழ்கிறார்கள். ஆண்களோடு எந்தத் தொடர்பும் கூடாது என்பது சட்டம். ஆண்கள் ஆபத்தானவர்கள் என்று சின்ன வயசிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பெண்களில் யாருக்கும் ஒரு ஆண் எப்படி இருப்பான் என்பதே சரியாகத் தெரியாது. வகுப்பிலேயே பெஸ்ட் மாணவி சுபாகி. ஓட்டம், சண்டை, மறைவது, பொறி வைப்பது, எல்லாவற்றிலும் முதலிடம். தன் குழுவுக்குத் தலைவியும் அவள்தான். அவளுக்கு ஒரே ஒரு ரகசியம். ஆண்கள் என்றால் யார், எப்படி இருப்பார்கள், என்ன பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஆண் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. வெளியே முகம் கல் மாதிரி இருக்கும். உள்ளே டிரம் வாசிப்பு.

அவள் குழுவில் இன்னும் இரண்டு பேர். சுபாகியை விட்டு ஒரு அடி நகராத சசான்கா, சாப்பாட்டைத் தவிர வேறு கவலையே இல்லாத அசகாவோ. எல்லாப் பெண்களுக்கும் செடி கொடிகளின் பெயர்கள்தான். சுபாகி என்றால் கமேலியா பூ, நாம் குடிக்கும் தேயிலைச் செடியின் இனம். சசான்காவும் கமேலியா இனத்தில் ஒன்றுதான். இரண்டு பூவையும் பக்கத்தில் வைத்தால் சட்டென்று வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சுபாகியைப் போலவே ஆக வேண்டும், அவள் கண்ணில் பட வேண்டும் என்று அலைகிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இது வெறும் ஜாலி காமெடிதானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த ஜாலியின் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைப் பார்க்க இரண்டு ஜப்பானிய எழுத்துகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் எழுத்து, 'பெண்'. அதை எழுத மூன்று கோடுகள் போட வேண்டும். முதல் கோடு ஜப்பானிய 'கு' மாதிரி இருக்கும், இரண்டாவது 'நோ' மாதிரி இருக்கும், மூன்றாவது படுக்கைக் கோடு, அதாவது ஒன்று என்ற எண், 'இச்சி'. மூன்றையும் சேர்த்துப் படித்தால் கு-நோ-இச்சி. பெண் என்று நேராகச் சொல்லாமல் எழுத்தை உடைத்துச் சொல்கிற சங்கேத வார்த்தை. இரண்டாவது எழுத்து, நிஞ்ஜாவில் வருகிற 'நின்'. மேல் பாதி கத்தியின் முனை, கீழ்ப் பாதி இதயம். பொறுத்துக்கொள்வது, மறைத்துக்கொள்வது என்று அர்த்தம். மேல் பாதி உச்சரிப்பைக் காட்ட வந்தது என்றுதான் மொழி அறிஞர்கள் சொல்வார்கள். இருந்தாலும் எழுத்தைப் பார்க்கிற கண்ணுக்குத் தெரிவது, கத்திக்குக் கீழே ஒரு மனசு.

இப்போது வரலாறு. பெண் நிஞ்ஜாக்கள் நிஜமாகவே இருந்தார்களா? 1676-ல் தொகுக்கப்பட்ட 'பன்சென்ஷூகாய்' என்கிற நிஞ்ஜா கையேட்டில் 'குனோயிச்சி வித்தை' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் அதில் கூரை மேல் ஓட்டமும் கிடையாது, வாள் சண்டையும் கிடையாது. ஆண்கள் நுழைய முடியாத வீட்டுக்குள் ஒரு பெண்ணை வேலைக்காரியாக அனுப்புவது, அவ்வளவுதான். அவள் வெளியே இருக்கிற தன் மரப்பெட்டி ஒன்றை உள்ளே கொண்டுவர அனுமதி கேட்பாள். பெட்டியின் இரட்டை அடித்தட்டில் ஒரு ஆண் ஒளிந்து உள்ளே போய்விடுவான். அதாவது நிஞ்ஜா வேலை செய்யப்போவது அவன். அவள் கதவு திறக்கிற சாவி. அதிலும் ஒரு எச்சரிக்கை வேறு. பெண்ணின் மனசையும் வாயையும் நம்பக் கூடாது, நன்றாகச் சோதித்துத் தெரிந்தவளைத்தான் அனுப்ப வேண்டும் என்கிற தொனியில் அந்தக் கையேடு பேசுகிறது.

மொச்சிசுகி சியோமே என்ற பெண் ஒரு நிஞ்ஜாப் பள்ளியே நடத்தினாள் என்று இணையத்தில் பல இடங்களில் படிக்கலாம். அந்தக் கதை பரவியது 20-ம் நூற்றாண்டுப் புத்தகங்கள் வழியாகத்தான். அந்தக் காலத்து ஆதாரம் என்று உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. மியே பல்கலைக்கழகத்தில் நிஞ்ஜாக்களைப் பற்றி ஆராய 2017-ல் ஒரு மையமே ஆரம்பித்தார்கள். 2020-ல் அந்தப் பல்கலைக்கழகம் நிஞ்ஜா படிப்பில் முதல் முதுகலைப் பட்டமும் கொடுத்தது. (இப்படி ஒரு டிகிரி இருக்கிறது என்று பிளஸ் டூ முடிக்கும்போது யாரும் சொல்வதில்லை!) அங்குள்ள ஆய்வாளர்களும், ஆண்களைப் போலச் சுவர் ஏறிச் சண்டை போட்ட பெண் நிஞ்ஜா என்பது நவீன காலக் கற்பனை என்ற முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பேலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று ஒரு சொத்து வரும். கையால் தொட முடியாது, கிடங்கில் தேடினால் கிடைக்காது, ஆனால் அதற்கு விலை உண்டு. குனோயிச்சியும் அப்படித்தான். ஆளைக் காணோம், மார்க்கெட் மட்டும் பெரிசு.

அந்த மார்க்கெட்டைத் திறந்துவிட்டதில் பெரிய பங்கு நாவலாசிரியர் ஃபூதாரோ யமாதாவுக்கு. 1958-ல் 'கோகா நின்போச்சோ' நாவலோடு அவர் ஆரம்பித்த நிஞ்ஜா கதைகள் ஜப்பானில் ஒரு அலையையே கிளப்பின. அவற்றில் 'குனோயிச்சி நின்போச்சோ' 1964-ல் டோயே நிறுவனத்தின் படமாகவும் வந்தது. அந்தக் கதைகளில் பெண்ணின் உடம்பே ஆயுதம். மயக்குவாள், கொல்வாள், சாவாள். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்களும் கேம்களும் அதே தடத்தில்தான் போயின. கையேட்டில் சாவியாக இருந்தவள் நாவலில் கத்தியாக ஆனாள். இரண்டிலுமே அவள் ஒரு பொருள். அவளுக்கு என்ன தோன்றியது என்று இரண்டு இடத்திலும் பெரிதாக யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் யமாமோட்டோவின் காமெடி வேலை செய்கிறது. தலைப்பையே பாருங்கள், 'மனசுக்குள்ளே'. கையேடு நம்பாதே என்று சொன்ன அதே மனசு. சுபாகி யாரையும் மயக்குவதில்லை. மயக்குவதற்கு முதலில் ஆண் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டுமே! பழைய கதைகளில் பெண் புரியாத மர்மம், ஆண் அவளைப் பார்க்கிறவன். இங்கே ஆண்தான் மர்மம். தாடி, உயரம், குரல் என்று ஒவ்வொன்றும் வதந்தி. நேரில் பார்க்காத ஒன்றைப் பற்றி ஒரு கூட்டமே எப்படிப் பயமும் கற்பனையும் வளர்த்துக்கொள்ளும் என்பதுதான் இதிலுள்ள நகைச்சுவை.

ஆனால் சிரித்து முடித்த பிறகு மனதில் நிற்பது வேறு. சுபாகி ஏன் தன் ஆசையை யாரிடமும் சொல்லவில்லை? தண்டனைக்கு மட்டும் பயந்து அல்ல. அவள் முதல் மாணவி. சசான்கா மாதிரி எத்தனையோ பேர் அவளைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். கடைசி பெஞ்சில் இருக்கிற பெண் தப்பாக ஏதாவது கேட்டால் ஒரு குட்டு வைத்து விட்டுவிடுவார்கள். முதல் மாணவி கேட்டால் அது செய்தி. கிராமத்துக்கு அவளுடைய நல்ல பெயர் ஒரு சொத்து. அவளுக்கோ அதுவே தினமும் வட்டி கட்ட வேண்டிய கடன். எவ்வளவு நன்றாகப் படிக்கிறாளோ அவ்வளவு அதிகமாக மறைக்க வேண்டியிருக்கிறது. மறைந்து நிற்பதுதான் நிஞ்ஜாவின் பாடம் என்றால், அந்தப் பாடத்தை அவள் முழுசாகக் கற்றது தன் மனசு விஷயத்தில்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பெயர் வாங்கிய எவருக்கும் இந்தப் பாரம் எங்கேயோ தெரிந்ததாக இருக்கும்.

குறைகளும் இருக்கின்றன. ஆண்களே இல்லாத ஊரைக் கற்பனை செய்துவிட்டு, அந்த ஊரின் கதாநாயகியை ஆண்களைப் பற்றியே நினைக்க வைப்பது நியாயமா? இருந்தாலும் அவனே மையம், இல்லாவிட்டாலும் அவனே மையம் என்றால் என்ன மாறியது? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. தொடரின் பலவீனமும் இங்கேதான். படபடக்கும் நெஞ்சு என்ற ஒரே ஜோக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அலுப்புத் தட்டுகிறது. அந்தச் சட்டம் யாருக்காக, எதற்காக என்ற கேள்வியையும் கதை அவசரப்பட்டுத் தொடுவதில்லை.

ஆனால் ஒரு விஷயம் தொடரைக் காப்பாற்றுகிறது. மொத்த வகுப்பும் குழு குழுவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, குழுக்களுக்குப் பன்னிரண்டு ராசி மிருகங்களின் பெயர். சுபாகியின் குழு நாய்க் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம், ஒரு சண்டை, ஒரு கோமாளித்தனம். நிறைய அத்தியாயங்களில் பேச்சு ஆண்களைப் பற்றியே இருக்காது. பொறாமை, பந்தயம், சோம்பேறித்தனம், தோழி தன்னை விட்டு வேறு ஒருத்தியிடம் பேசிவிட்டாளே என்ற கோபம், இவைதான் கதை. சுபாகி தேடுகிற ஆள் வெளியே எங்கேயோ இருக்கிறான். அவளைத் தேடுகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதை அவள் கவனிக்காமல் விடுவதுதான் சில இடங்களில் லேசாகக் குத்துகிறது.

பெண் நிஞ்ஜா காமெடியில் சுபாகி முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. 1986 முதல் 2019 வரை சிறுவர் நாளிதழில் வந்த சோபே அமாகோவின் 'ரகுதாய் நிஞ்ஜா ரன்தாரோ'வில் பையன்களைச் சுலபமாக ஏமாற்றுகிற பெண்கள் வகுப்பு ஒன்று உண்டு. ரியோஇச்சி கோகாவின் 'நினின் கா ஷினோபுதென்', தேர்வுக்காக ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அந்த வீட்டுப் பெண்ணிடமே தோழியாகிவிடும் அரைகுறை நிஞ்ஜா ஷினோபுவின் கதை. 2004-ல் 12 எபிசோடு அனிமேவாக வந்தது. ஹன்பாகாவின் 'நிஞ்ஜாவும் கொலையாளியும் ஒரே வீட்டில்', 2025-ல் ஷாஃப்ட் ஸ்டுடியோவால் அனிமேவானது. அதில் கிராமத்தை விட்டு ஓடிவந்த சடோகோவும், பள்ளிக்குப் போகிற ஒரு கொலைகாரியும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள். அங்கே சிரிப்பு கொஞ்சம் கறுப்புச் சிரிப்பு, ஏனென்றால் தேடி வருகிறவர்கள் வரிசையாகச் செத்துக்கொண்டே இருப்பார்கள்.

ரன்தாரோ, ஷினோபு, சடோகோ, சுபாகி, இவற்றுக்குள் ஒரு ஒற்றுமை இருக்கிறது. யாருமே வரலாறு சொல்கிறோம் என்று பில்டப் கொடுப்பதில்லை. சீரியஸ் கதைகள் இல்லாத ஆளை இருந்ததாகச் சாதிக்கின்றன. காமெடிக் கதைகள் 'எல்லாம் சும்மா' என்று முதலிலேயே ஒத்துக்கொள்கின்றன. ஒத்துக்கொண்ட பிறகு அவளுக்குத் தேர்வு பயம் கொடுக்கலாம், பசி கொடுக்கலாம், தோழி கொடுக்கலாம், வெளியே சொல்ல முடியாத ஒரு ஆசையும் கொடுக்கலாம்.

1676-ல் ஏதோ ஒரு வீட்டுக்குள் மரப்பெட்டியோடு அனுப்பப்பட்ட பெண் நிஜமாகவே இருந்திருந்தால், அவளுக்கும் அன்றைக்கு நெஞ்சு படபடத்திருக்கும். அதைக் கையேட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு காமெடி மாங்கா அதைப் பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறது. நேரம் கிடைத்தால் படித்துப் பாருங்கள். முதலில் சிரிப்பு வரும், சுபாகி மேல் பாவமாக இருப்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.