கம்பி கழன்ற நாள்



முதலாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் எனக்கு 'பெஞ்ச் வைஸ்' என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்! பொருத்தமான பெயர்தான். வைஸில் ஒரு தாடை அசையாது, இன்னொன்று முன்னும் பின்னும் நகரும். என் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டது. வகுப்பில் யாராவது ஜோக் அடித்தால் நான் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேனே, ஞாபகம் இருக்கிறதா?

அழகுக்காகத்தான் வைத்தியம் என்று எங்கள் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். "பல்லுக்குப் போயி இத்தனை அலைச்சலா?" என்றார்கள். ஆனால் என் முன்பற்கள் ஒன்றோடொன்று சேரவே சேராது. முறுக்கைக் கடைவாயில் வைத்துத்தான் உடைக்க வேண்டும். அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் 'டக்'கென்று கடித்து அறுப்பாள். சின்ன வயதில் நானும் முயற்சி செய்வேன். நூல் நனையும், அறுபடாது.

அரசு பல் மருத்துவமனையில் பரிசோதித்த டாக்டர், "பல்லை மட்டும் நகர்த்தினால் பத்தாது, எலும்பே நீளமா வளர்ந்திருக்கு" என்றார். முதலில் கம்பி, அப்புறம் ஆபரேஷன், அதற்குப் பிறகும் சில மாதம் கம்பி. தாடை வளர்ச்சி முழுசாக நின்ற பிறகுதான் ஆபரேஷன் செய்ய முடியும். அவசரப்பட்டால் தாடை மறுபடி வளர்ந்து, செய்த வேலை வீணாகிவிடுமாம்.

16 வயதில் கம்பி கட்டினார்கள். முதலில் போட்டது நிக்கல்-டைட்டானியம் கம்பி. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் 1950களின் கடைசியில் வில்லியம் பியூலர் என்பவர் ஆராய்ந்த உலோகக் கலவை அது. இரண்டு உலோகங்களின் பெயரோடு அந்த ஆய்வுக்கூடத்தின் முதலெழுத்துக்களையும் சேர்த்து 'நைட்டினால்' என்று பெயர் வைத்தார்கள். வளைத்தால் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். அப்படித் திரும்பும்போது பல்லையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பல் போகிற பக்கம் எலும்பு கரையும், விட்டு வந்த பக்கம் புது எலும்பு உண்டாகும். மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். தாடையின் குறையை இயற்கையே ஓரளவு மறைத்து வைத்திருந்தது. கீழ்ப்பற்கள் உள்பக்கமாகவும் மேல்பற்கள் வெளிப்பக்கமாகவும் சாய்ந்து சமாளித்துக்கொண்டிருந்தன. ஆபரேஷனுக்கு முன்னால் அந்தச் சாய்வை நிமிர்த்தியாக வேண்டும். நிமிர்த்தினால் குறை முழுசாக வெளியே தெரியும்! இரண்டாமாண்டு முழுக்க நான் முன்னைவிட மோசமாகத் தெரிந்தது அதனால்தான். "கம்பி போட்டும் சரியாகலையே" என்று பரிதாபப்பட்டவர்களுக்கு அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

நான்காம் செமஸ்டர் லீவில் எனக்கு 18 முடிந்தது. ஆபரேஷனுக்கு முதல்நாள் சம்மதப் படிவத்தை நீட்டினார்கள். என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அதுவரை எங்கள் வீட்டில் எந்தத் தாளுக்கும் கைநாட்டுதான். "உனக்குத்தான் 18 ஆயிடுச்சே, நீயே கையெழுத்துப் போடு" என்றார் நர்ஸ் அக்கா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்ன எழுதியிருக்குது, படி சாமி" என்றார் அப்பா.

சத்தமாகப் படித்தேன். மயக்க மருந்து, வீக்கம், ரத்தப்போக்கு எல்லாம் படித்தேன். அதற்கடுத்த வரியில், கீழுதடும் முகவாயும் மரத்துப் போகலாம், சிலருக்கு நிரந்தரமாகவே அப்படி இருந்துவிடலாம் என்று இருந்தது. டாக்டர் எனக்குத் தனியாக விளக்கியிருந்த விஷயம்தான். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இதைக் கேட்டால் "வேண்டாம் கண்ணு, வீட்டுக்குப் போயிரலாம்" என்பாள். அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

ஆபரேஷன் வாய்க்குள்ளேயே நடப்பதால் வெளியே தழும்பு கிடையாது. கீழ்த்தாடை எலும்பை இரண்டு பக்கமும் நீளவாக்கில் பிளந்து, பல் இருக்கும் பகுதியைப் பின்னால் தள்ளி, டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும் வைத்து இறுக்குகிறார்கள். ஹியூகோ ஒப்வேகேசர் என்ற மருத்துவர் 1950களில் கொண்டுவந்த முறை இது. கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது. ஆபத்து அங்கேதான். கண் விழித்தபோது முகம் பூசணிக்காய்! மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் பேண்டு போட்டுப் பிணைத்திருந்தார்கள். வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீரும் பழச்சாறும்தான். அம்மா சிரிஞ்சில் உறிஞ்சிக் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள்.

போன பிப்ரவரியில் கம்பி கழற்றினார்கள். டாக்டர் பிளேயர் மாதிரி ஒரு கருவியால் ஒவ்வொன்றாக நசுக்க, 'டொக், டொக்' என்று 24 துண்டுகள் தட்டில் விழுந்தன. பல்லில் மிச்சமிருந்த பசையைச் சுரண்டியது டங்ஸ்டன் கார்பைடு. நாம் லேத்தில் மாட்டுகிற டூலும் அதே சரக்குதான்! நாக்கால் தடவிப் பார்த்தேன். நுங்கு மாதிரி வழுக்கியது. கண்ணாடியைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது! கம்பி கழன்றாலும் பழக்கம் கழலவில்லை. பல்லும் அப்படித்தான், பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். அதனால் ராத்திரியில் ரிடெய்னர் போட்டுக்கொண்டு தூங்குகிறேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா ஒன்றும் பேசாமல் தைத்து முடித்த ஜாக்கெட் ஒன்றை நீட்டினாள். நூலைக் கடித்தேன். 'டக்'! அடுத்த ஜாக்கெட்டை நீட்டினாள். அதற்கடுத்ததையும் நீட்டினாள். மிஷின் மேல் இருந்த ஐந்தையும் கடித்து அறுத்தேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "முகவாயில பருக்கை ஒட்டியிருக்குது பாரு, கொழந்தையாட்டம்" என்று அம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவள் கை பட்டது எனக்குத் தெரியவில்லை. முகவாயின் இடது பக்கத்தில் எட்டு மாதமாக உணர்ச்சி இல்லை. போகப் போக வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். அதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்னொரு தடவை படிவத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவேன். என்னைக் குத்துவது நான் படிக்காமல் விட்ட அந்த ஒரு வரிதான்.

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்தி. கரண்ட் பில்லோ பேங்க் பேப்பரோ, நான் படித்துச் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். நான் விட்டுவிட்ட வரி அவர்களுக்கு இல்லவே இல்லாத வரி. உங்களில் எத்தனையோ பேர் வீட்டிலும் இதே நிலைமைதான். அவர்கள் வயிற்றைக் கட்டி நம்மைப் படிக்க வைத்தது இதற்காகவா?

இந்த மலர் கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன். அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, வாயை மூடாமல், சத்தமாகப் படிக்கப் போகிறேன். இந்த முறை ஒரு வரியும் விடாமல்.

— மூன்றாமாண்டு மாணவி, இயந்திரவியல் துறை