காய்ச்சாத சோப்பு

காஸ்டிக் சோடா வாங்குவதற்கும் கண் வேண்டும். திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்கு எதிரே சாலைக் கடைத்தெருவில் ஒரு கடை முன்னால் நின்றுகொண்டு, பொட்டலத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் அந்தப் பெண். செதில்கள் தனித்தனியாக உதிர்ந்தால் சரக்கு நல்லது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி இருந்தால் ஏற்கெனவே காற்றிலிருந்து ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். அதை நிறுத்தால் பாதி எடை தண்ணீராக இருக்கலாம், கணக்கு தப்பிவிடும். முதல் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் முணுமுணுக்காமல் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார். பழக்கமான வாடிக்கையாளர்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் உண்டாக்கிய கடைத்தெரு இது. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள். வீட்டில் சோப்புச் செய்ய வேண்டிய அத்தனையும் இந்த ஒரு தெருவில் அடங்கிவிடும். தேங்காய் எண்ணெய், காஸ்டிக், மருந்துக் கடைகளில் கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர். சோப்பு வருவதற்கு முன்னால் மலையாள நாட்டில் உடம்பு தேய்த்த ‘இஞ்ச’ பட்டை நாரையும் அதே மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கலாம்.

நான் போனது கோட்டைக்குள் ஒரு சந்து வீட்டுக்கு. மாமியார் நாகர்கோவில்காரர், சாலையில் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கடைக்கு என்னோடு வந்தவர் அவருடைய மருமகள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரும் சேர்ந்து மூன்று பேர். மூன்று வீட்டுக்கும் வேண்டிய குளிக்கிற சோப்பைச் செய்து, செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

“பரிஷத்துக்காரங்க வந்து படிப்பிச்சாவ மக்களே. அதுக்கு முன்னால சோப்பு கம்பெனியிலதான் உண்டாவும்னு நெனச்சிருந்தோம்” என்றார் மாமியார்.

அவர் சொன்னது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தை. 1962இல் தொடங்கிய மக்கள் அறிவியல் இயக்கம் அது. எர்ணாகுளம் மாவட்டம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்றதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1996இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது பெற்றது. இதெல்லாம் செய்தித்தாளில் வந்த பெருமைகள். வீடுகளுக்குள் அந்த இயக்கம் நுழைந்தது புகை குறைந்த அடுப்பாகவும், பாதி வெந்த சோற்றை உள்ளே வைத்தால் அந்தச் சூட்டிலேயே வேகவைத்துவிடும் சூடாறாப் பெட்டியாகவும், சோப்புக் கிட்டாகவும்தான். பாலக்காடு முண்டூரில் அதன் கிராமத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. தேங்காய் விளைகிற நாட்டில் அந்த எண்ணெயில் செய்த சோப்புக்காக வீட்டுப் பணம் ஏன் வெளியே போக வேண்டும் என்ற கேள்வியோடு சேர்த்துத்தான் அவர்கள் சோப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். வேதியியலைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, பெண்கள் கையில் தராசையும் கொடுத்த இயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

வேலை முற்றத்தில் நடந்தது. சமையலறையில் செய்ய மாட்டார்கள், ஆவி நெஞ்சை அடைக்கும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு மருமகள் 350 கிராம் தண்ணீரை நிறுத்து எவர்சில்வர் வாளியில் ஊற்றினார். காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார்.

“தண்ணியில காரத்தப் போடணும். காரத்துல தண்ணிய ஊத்தப்பிடாது” என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் இதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். மாற்றிச் செய்தால் மேலே விழுந்த தண்ணீர் சட்டென்று கொதித்து, காரத்தோடு முகத்தில் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் வாளிக்குள் சூடு ஏறியது. வெளிப்பக்கம் விரலை வைத்துப் பார்த்தேன், ஒரு நொடிக்கு மேல் தாங்கவில்லை. அலுமினியப் பாத்திரம் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. காரம் அதை அரித்துப் பொங்கும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். தோலில் ஒரு சொட்டுப் பட்டாலும் வேறு வைத்தியம் எதுவும் தேடாமல் குழாயைத் திறந்து வெகுநேரம் கழுவ வேண்டும். அதற்காகவே குழாயடியில் எந்தச் சாமானும் வைக்காமல் ஒதுக்கியிருந்தார்கள்.

வாளி வெதுவெதுப்புக்கு வந்த பிறகு எண்ணெயில் காரநீர் சேர்ந்தது. இதற்கென்றே வைத்திருக்கும் மர மத்தால் பக்கத்து வீட்டுப் பெண் கடையத் தொடங்கினார். முதலில் எண்ணெய் கலங்கியது. பிறகு வெளுத்தது. தோள் மாற்றித் தோள் மூன்று பேரும் கடைந்தார்கள். நானும் கொஞ்ச நேரம் பிடித்தேன். மத்தைத் தூக்கும்போது விழும் துளி உடனே அமிழ்ந்து மறையாமல் மேலே ஒரு கோடாகத் தங்கினால் பதம் வந்துவிட்டது. “தோசை மாவுப் பதம்” என்கிறார்கள். மின்சாரக் கடைகருவி இருந்தால் சில நிமிட வேலைதான். மாமியாருக்கு அதில் விருப்பமில்லை. பொய்ப் பதம் காட்டும், எண்ணெய் பிறகு பிரிந்து மேலே நிற்கும் என்கிறார். அவர் சொல்வது நடப்பதுண்டு.

கழுவிக் காயவைத்த மில்மா பால் கவர்களை விரித்த மரத்தட்டில் ஊற்றினார்கள். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு சீக்கிரம் இறுகும். அன்று சாயங்காலமே கத்தி போட்டாக வேண்டும், மறுநாள் வரை விட்டால் வெட்டும்போது ஓரம் சிதறும். அதற்குப் பிறகு மச்சில் செய்தித்தாள் விரித்து நான்கு வாரம் அடுக்கிவைக்கிறார்கள். மிச்சமுள்ள காரம் முதல் சில நாட்களில் தணிந்துவிடும். தண்ணீர் வற்றிக் கட்டி உறுதியாவதற்கே மீதி நாட்கள். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் மட்டும் இவர்கள் செய்வதில்லை. சோப்பிலேயே தங்கிவிடும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து, கட்டியின் மேல் வேர்வைபோல் முத்துமுத்தாக நிற்கும். பெரிய ஆலைகளில் அந்தக் கிளிசரினைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்பதுண்டு. வீட்டுச் சோப்பில் அது அப்படியே இருக்கிறது. மாசியில் ஆற்றுக்கால் பொங்கலுக்குக் கிழக்கேகோட்டைத் தெருவெல்லாம் செங்கல் அடுப்பு மூட்டப் பெண்கள் வந்து சேர்வார்கள். அதற்காக வந்து தங்கும் சொந்தக்காரர்கள் திரும்பும்போது ஆளுக்கு இரண்டு கட்டி கேட்பார்களாம். தையில் செய்ததெல்லாம் அத்தோடு தீர்ந்துபோகும்.

எனக்கு மிகவும் பிடித்தது மருமகளின் நோட்டு. 2025 ஜூலையில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது, அதற்கு முந்தைய ஆண்டு ஏறத்தாழ பாதி விலை. ஒரு கிலோ எண்ணெயில் நூறு கிராம் கட்டி பதினைந்து கிடைக்கும். எண்ணெய்ச் செலவு மட்டுமே கட்டிக்கு 30 ரூபாய் அளவில் வந்து நின்றது. பத்தில் மூன்று பங்கு பாமாயில் கலக்கலாம் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். மாமியாரின் மனக்கணக்கில் காரம் எப்போதும் 174 கிராம். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதாகச் சோப்பாக மாற 183 கிராம் காரம் வேண்டும். தோல் வறண்டுபோகாமல் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சட்டும் என்று நூற்றுக்கு ஐந்து குறைத்தால் 174.

ஆனால் பாமாயில் அவ்வளவு காரம் வாங்காது, கிலோவுக்கு 141 கிராம்தான். நோட்டில் மருமகள் போட்டிருந்த கணக்கு இது: தேங்காய் எண்ணெய் 700 கிராமுக்கு 128, பாமாயில் 300 கிராமுக்கு 42, ஆக 170. ஐந்து சதவீதம் குறைத்தால் 162. பழைய 174ஐயே போட்டிருந்தால் எண்ணெய் தீர்ந்த பிறகும் காரம் மிஞ்சும், குளித்தவர் தோல் எரியும்.

“அத்தைக்குக் கைக்கணக்கு தப்பாதுண்ணே. எண்ணெய் மாறினா மட்டும் நோட்டப் பாக்கணும்” என்றார். அத்தை தலையசைத்தார். இந்த வீட்டில் என்னை அதிகம் தொட்டது அந்தத் தலையசைப்புதான். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட கைப்பழக்கம், பன்னிரண்டு கிராம் வித்தியாசத்துக்காக ஒரு நோட்டுக்கு வழிவிட்டது. கைத்தொழிலைப் போற்றி எழுதுகிறவர்கள் தராசையும் கணக்கையும் விட்டுவிட்டுப் பாட்டி கைமணத்தையே பாடுகிறார்கள். காரத்தோடு புழங்கும் தொழிலில் அது ஆபத்து.

விற்பனைக்குப் போகலாமா என்பதில்தான் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. சட்டப்படி குளிக்கிற சோப்பு அழகுசாதனப் பொருள். விற்பனைக்குச் செய்ய 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்கீழ் உரிமம் வேண்டும், தனி இடம் வேண்டும், தகுதி பெற்ற ஆள் மேற்பார்வையில் இருக்க வேண்டும். முதல் தரச் சோப்பு என்றால் 76 சதவீதம் கொழுப்புப் பொருள் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ‘குளியல் கட்டி’ என்று விற்பதற்கு 40 சதவீதமே போதும். விலை குறைந்த கட்டிகளோடு இவர்கள் போட்டியிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

விலை என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். எண்ணெய், காரம், மஞ்சள், பால் கவர் கழுவிய தண்ணீர் வரை மருமகள் எழுதியிருந்தார். கடைந்த கைக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுதுங்கள் என்றேன்.

“வீட்டு வேலைக்கு என்ன கூலி மக்களே?” என்றார் மாமியார்.

வீட்டுக்குச் செய்தால் வீட்டு வேலை, விற்கச் செய்தால் தொழில் என்று மருமகளே பதில் சொன்னார். மூன்று பேர், நிறுப்பதிலிருந்து பாத்திரம் கழுவி முடிப்பது வரை அரை நாள். அதைக் கடைசி வரியாகச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார். சாலையில் ஆயுர்வேதச் சோப்புக்குக் கேட்கும் விலையைவிட அதிகமாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி கூட்டினார், அதே தொகைதான். ஒரே தடவையில் மூன்று கிலோ எண்ணெய் போட்டால் கூலி பங்கிட்டுக் குறையும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். அவ்வளவையும் மத்தால் கடைய முடியாது, கடைகருவி வாங்க வேண்டும். மாமியார் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கிலோவில் அந்தக் கருவியை வைத்துச் செய்து காட்டு, எண்ணெய் பிரியாமல் நின்றால் அப்புறம் பேசுவோம் என்றார். ஸ்ரீகண்டேஸ்வரம் பக்கம் தண்ணீர்க் குழாயோடு ஒரு அறை என்ன வாடகை கேட்பார்கள் என்று மருமகள் அதற்குள் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.