காலடியில் பெயர்கள்

பெர்லினில் அண்ணாந்து பார்க்க எவ்வளவோ இருக்கிறது. என்னை நிறுத்தியது தரை. குடியிருப்பு வாசல்களில், நடைபாதையோடு நடைபாதையாக, 10 சென்டிமீட்டர் சதுரப் பித்தளைக் கற்கள். "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் கொண்டுபோன ஆண்டு, கொன்ற இடம். ஒரு வாசலில் நான்கு கற்கள். கடைசிக் கல்லுக்குரிய பிள்ளைக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை.

இவை 'ஸ்டோல்பர்ஸ்டைன்', அதாவது தடுக்கிவிடும் கற்கள். கலைஞர் குந்தர் டெம்னிக் 1992-இல் கொலோனில் தொடங்கிய முயற்சி. 2023-இல் 1,00,000-ஆவது கல் நூரம்பர்க்கில் பதிக்கப்பட்டது.

இது அரசு எழுப்பிய மண்டபம் அன்று. தெருவாசிகளும் மாணவர்களும் உறவினர்களும் பழைய ஆவணங்களில் பெயரைத் தேடி, செலவையும் ஏற்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 9-இல் அக்கம்பக்கத்தார் கற்களைத் துலக்கி மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். 1938-இல் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நொறுக்கப்பட்ட இரவின் நினைவு நாள் அது.

மாண்டவர் பெயர் மிதிபடலாமா என்று எதிர்ப்பு எழுந்ததால், மியூனிக் தன் பொது நடைபாதைகளில் இவற்றை அனுமதிப்பதில்லை. காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு அந்தத் தயக்கம் எளிதில் புரியும். ஆனால் மண்டபத்துக்கு நாம் தேடிப் போக வேண்டும். இந்தக் கற்களோ, ரொட்டி வாங்கப் போகிறவரின் வழியிலும் இருக்கின்றன.