மணி அடித்த பிறகு

சண்டை நடக்கும்போது 'போதும்' என்று சொல்ல மூன்று பேர் இருக்கிறார்கள். சண்டை முடிந்த பிறகு ஒருவரும் இல்லை.

பெரிய குத்துச்சண்டை ஒன்று டிவியில் முடிந்த மறுநாள் காலை, பாண்டுப் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைகளில் கட்டிங் சாயோடு ஒரே கேள்விதான் பரிமாறப்படும்: "அடுத்து யாரோடு மோதுவான்?" ஜெயித்தவன் என்றால் அவனைவிடப் பெரிய ஆள் ஒருவரின் பெயர் சொல்லப்படும். தோற்றவன் என்றால், "இன்னொரு தடவை விட்டுப் பாருங்கள், இவன்தான் ஜெயிப்பான்" என்று யாராவது அடித்துச் சொல்வார். தாராவியிலும் செம்பூரிலும் இதே பேச்சுதான். லாஸ் வேகாஸிலும் இதே பேச்சுதான். ரசிகன் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதே கேள்வியை, அதே இரவில், சண்டை போட்டவரிடமே கேட்பதுதான் விபரீதம்.

கேட்கவும் செய்கிறார்கள். தீர்ப்பு அறிவிக்கப்பட்ட சில நிமிடங்களில், புருவத்துக் காயத்துக்குத் தையல் போடும் முன்பே, வாய்க்கு நேரே மைக் வந்துவிடும். அந்த மனிதரின் நிலை என்ன? எடைப் பிரிவுக்குள் அடங்குவதற்காக முந்தைய நாட்களில் உடம்பிலிருந்த தண்ணீரை வற்ற வைத்திருப்பார். பிறகு பன்னிரண்டு ரவுண்டுகள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். தலையில் எத்தனை விழுந்தது என்று அவருக்கே கணக்குத் தெரியாது. இந்த நிலையில் உள்ள ஒருவரிடம் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் அது செல்லுமா என்று எந்த வக்கீலும் யோசிப்பார். அவருடைய எதிர்காலத்தை மட்டும் சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

வட சென்னைக்கு இந்த விஷயம் புதிதல்ல. 2021-ல் வெளியான பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தில் கபிலன் மேடையில் பட்ட அடியைவிட, மேடையை விட்டு இறங்கிய பிறகு பட்டதுதான் அதிகம். ஜெயில், சாராயம், தொந்தி. அது கதை. நிஜக் கதை ஒன்றின் நாயகனை அன்றைய மெட்ராஸே நேரில் பார்த்திருக்கிறது.

1980 ஜனவரியில் முகமது அலி மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி. முதல்வர் எம்.ஜி.ஆரே வந்திருந்தார். கூட்டம் ஸ்டேடியம் கொள்ளவில்லை. அன்று சென்னை பார்த்தது ஓய்வு பெற்றுவிட்ட ஒரு அலியை. 1978 செப்டம்பரில் லியான் ஸ்பிங்க்ஸிடமிருந்து பட்டத்தைத் திரும்பப் பெற்று, மூன்றாவது முறையாக ஹெவிவெயிட் சாம்பியனாகி, 1979-ல் ஓய்வை அறிவித்திருந்தார். உச்சியில் இருக்கும்போதே இறங்கிக்கொண்ட மனிதர். கிண்டலும் சிரிப்புமாக ஊர் ஊராகப் போய்க் கையசைத்துக்கொண்டிருந்தார். கதை அங்கேயே முடிந்திருந்தால், 'பெரிய சண்டைக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும்' என்பதற்கு அவரே பாடமாக இருந்திருப்பார்.

முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, 38 வயது அலி லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸுக்கு எதிரே நின்றார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர். எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. அலியின் டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, 1977-ல் எர்னி ஷேவர்ஸுடன் நடந்த சண்டைக்குப் பிறகு, சிறுநீரகச் சேதத்தைக் காட்டும் பரிசோதனை முடிவுகளை அலிக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அனுப்பினார். பதில் வரவில்லை. டாக்டர் விலகிக்கொண்டார். ஹோம்ஸ் சண்டைக்கு முன், 1980 ஜூலையில் மேயோ கிளினிக்கில் சோதித்தபோது, விரலால் மூக்கின் நுனியைத் துல்லியமாகத் தொட அலியால் முடியவில்லை. ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னபோது எதிர்பார்த்த லாகவம் இல்லை. இருந்தும் நெவாடா மாநிலம் லைசென்ஸ் கொடுத்தது. பத்து ரவுண்டுகள் அடி வாங்கினார். பதினோராவது ரவுண்டுக்கு அவரை அனுப்ப மறுத்தவர் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ.

அதற்குப் பிறகாவது? 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்குடன் இன்னொரு சண்டை, இன்னொரு தோல்வி. 1984-ல் பார்க்கின்சன் நோய்க்கான அறிகுறிகள் உறுதி செய்யப்பட்டன. 2016-ல் இறக்கும்வரை அந்த நடுக்கம் அவரோடு இருந்தது. குத்துகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை. ஆனால் அந்தக் கடைசி இரண்டு சண்டைகளும் தேவையில்லாதவை என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இருக்காது.

விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு ஆபத்து தெரியாதா? தெரியும். அமெச்சூர் குத்துச்சண்டையில் இதற்கு விதியே உண்டு. தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனவர் குறைந்தது 30 நாட்களுக்குக் கையுறை மாட்டக் கூடாது. பயிற்சி மோதலும் கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை அப்படி நேர்ந்தால் மூன்று மாத ஓய்வு. ஓராண்டுக்குள் மூன்று முறை என்றால் ஓராண்டு. காரணம் எளிது. அதிர்ந்த மூளை ஆறுவதற்கு முன் அதே இடத்தில் இரண்டாவது அதிர்ச்சி விழுந்தால் சேதம் பல மடங்காகும். கை எலும்பு முறிந்தால் வீங்கும், வலிக்கும். மூளை அப்படி வெளியே காட்டிக்கொடுக்காது. தலைவலி, தூக்கக் குறைவு, காரணமில்லாத கோபம், பெயர்களை மறப்பது என்று வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ஆனால் விதி கண் வைப்பது விழுந்தவர் மீதுதான். விழாமல் கடைசி ரவுண்டுவரை நின்று வாங்கியவருக்கு அதே கண்டிப்பு இல்லை. ஜெயித்தவருக்கோ மாலை போட ஆள் வருகிறதே தவிர டாக்டர் வருவதில்லை. நின்றவர் விழுந்தவரைவிட அதிகம் வாங்கியிருக்கலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் குரூரமான கணக்கு.

லண்டனில் 1991 ஜூன் 22 அன்று மைக்கேல் வாட்சனும் கிறிஸ் யுபாங்க்கும் பன்னிரண்டு ரவுண்டு மோதினார்கள். யுபாங்க் ஜெயித்ததாகத் தீர்ப்பு. பார்த்தவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. உடனே 'மறு சண்டை' என்ற கோஷம். சரியாக மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 21 அன்று இருவரும் மறுபடி மேடையேறினார்கள். பதினோராவது ரவுண்டில் வாட்சன் யுபாங்க்கை வீழ்த்தினார். எழுந்து வந்த யுபாங்க்கின் ஒரு குத்து வாட்சனின் வாழ்க்கையை மாற்றியது. நாற்பது நாள் கோமா, மூளையில் ஆறு அறுவை சிகிச்சைகள், பல ஆண்டுகள் சக்கர நாற்காலி. மேடையருகே போதிய மருத்துவ ஏற்பாடு இல்லாததற்குப் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியமே பொறுப்பு என்று பின்னர் கோர்ட் சொன்னது. மூன்று மாத இடைவெளிதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த இடைவெளியைத் தீர்மானித்தது ஆத்திரமும் டிக்கெட் விற்பனையும் என்பதை மறுப்பதும் கடினம்.

'ஓய்வெடுத்தால் மார்க்கெட் போய்விடும்' என்பது மேனேஜர்களின் வழக்கமான பாட்டு. அதற்கு மணிப்பூரிலிருந்து பதில் உண்டு. 2006-ல் டெல்லியில் மூன்றாவது உலகப் பட்டம் வென்ற மேரி கோம், 2007-ல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். முடிந்தது என்றார்கள். 2008-ல் திரும்பி வந்து நான்காவது பட்டம் வென்றார். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2018-ல், 35 வயதில், ஆறாவது உலகப் பட்டம். நீண்ட ஓய்வு அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.

ஒரேயடியாக நிறுத்திக்கொள்வது இதைவிடக் கஷ்டம். 1987 ஏப்ரலில் மார்வின் ஹாக்லரும் சுகர் ரே லியனார்டும் மோதியது இன்றும் விவாதிக்கப்படும் சண்டை. நடுவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்து லியனார்டுக்குக் கொடுத்தார்கள். தான் ஏமாற்றப்பட்டதாகவே ஹாக்லர் நம்பினார். மறு சண்டைக்குக் காத்திருந்தார். அது வரவில்லை என்றதும் 1988-ல் ஓய்வை அறிவித்து இத்தாலிக்குப் போனார், சினிமாவில் நடித்தார். பிறகு எத்தனை ஆசை காட்டியும் 2021-ல் இறக்கும்வரை மேடையேறவில்லை. ஜெயித்த லியனார்டோ விலகுவதும் திரும்புவதுமாக இருந்தார். 1997-ல், 40 வயதில், ஹெக்டர் கமாச்சோவிடம் ஐந்தாவது ரவுண்டில் சாய்ந்த பிறகுதான் அவர் கதை முடிந்தது. 1987-ல் ஜெயித்தவர் யார் என்று இன்றும் சண்டை போடலாம். அதற்குப் பிறகு ஜெயித்தவர் யார் என்பதில் சந்தேகமில்லை.

ஹாக்லரிடம் பணம் இருந்தது. இந்திய வீரருக்கு? இங்கே பெரும்பாலோர் அமெச்சூர்கள். பதக்கம் உண்டு, கோடிகள் கிடையாது. அலி இந்தியா வந்த அதே ஜனவரியில், டெல்லியில் அவரோடு காட்சிப் போட்டியில் மோதியவர் பஞ்சாபைச் சேர்ந்த ராணுவ வீரர் கௌர் சிங். 1982 ஆசியப் போட்டியில் ஹெவிவெயிட் தங்கம். அர்ஜுனா விருது, பத்மஸ்ரீ. 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். அப்புறம் கிராமத்து வயல். அறிவிக்கப்பட்ட பரிசுப் பணம் பல ஆண்டுகள் வரவில்லை. 2017-ல் இதய சிகிச்சைக்கு அவர் கடன் வாங்கியது பத்திரிகையில் வந்த பிறகுதான் ராணுவமும் அரசும் உதவிக்கு வந்தன. 2023-ல் காலமானார். இதற்கு நேர்மாறாக, 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற டிங்கோ சிங்குக்குக் கடற்படை வேலை இருந்தது. பின்னர் இம்பாலில் பயிற்சியாளராகச் சிறுவர்களை உருவாக்கினார். புற்றுநோய் அவரை 42 வயதில், 2021-ல், கொண்டுபோனது. ஆனால் சண்டைக்குப் பிறகும் காலையில் எழுந்து போவதற்கு அவருக்கு ஓர் இடம் இருந்தது.

இதன் அருமை பாண்டுப்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்.பி.எஸ். மார்க் நெடுகிலும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, அந்த இடங்களில் மால்களும் அடுக்குமாடிகளும் எழுந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். மொத்தமாக வரும் வி.ஆர்.எஸ். பணம் எவ்வளவு பெரிதாகத் தெரியும், எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது அங்கே அனுபவப் பாடம். குத்துச்சண்டைப் பரிசும் அந்த ஜாதிதான். ஒரு முறை வரும், சொந்தமும் நட்பும் கூடவே வரும். நிலைத்து நிற்பது மாதச் சம்பளம்.

ஆகவே, பதக்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் வீடு திரும்பும் ஒரு பையன் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன? ஜெயித்தாலும் தோற்றாலும் முதலில் டாக்டர். ஒரு மாதம் கையுறை ஆணியில் தொங்கட்டும். உறக்கம், சாப்பாடு, வீடு. மேடையில் மைக் முன் அறிவித்த பரிசை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ரயில்வே, போலீஸ், ராணுவத்தில் விளையாட்டு ஒதுக்கீடு பதக்கம் பளபளக்கும்போதுதான் எளிதில் கிடைக்கும். அந்த விண்ணப்பம் அடுத்த சண்டையைவிட அவசரம். விட்ட படிப்பைத் தொடரலாம். அடுத்த எதிராளியின் பெயரை ஒரு மாதம் கழித்துப் பேசலாம். அப்போதும் அந்தப் பேச்சில், பரிசுப் பணத்தில் பங்கில்லாத ஒருவர் உடன் இருக்க வேண்டும். அம்மாவோ, பழைய வாத்தியாரோ, டாக்டரோ யாராக இருந்தாலும் சரி.

வீரனின் முடிவை வேறொருவரிடம் கொடுப்பதா என்று சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் சண்டை நடக்கும்போது இந்த விளையாட்டு அதைத்தானே செய்கிறது? நடுவர் கையை விரித்து நிறுத்தலாம். டாக்டர் நிறுத்தலாம். மூலையில் இருப்பவர் துண்டை வீசலாம். 'இன்னும் முடியும்' என்று வீரர் கத்தினாலும் யாரும் கேட்பதில்லை. அடிபட்டவருக்குத் தன் நிலை தெரியாது என்பதால்தான் அந்த அதிகாரம் மற்றவர்களுக்குத் தரப்பட்டது. கடைசி மணி அடித்ததும் அந்த மூவரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். டண்டீ அன்று அலியை நாற்காலியிலிருந்து எழ விடவில்லை. பதினான்கு மாதம் கழித்து பஹாமாஸுக்குப் புறப்பட்டபோது தடுக்க யாராலும் முடியவில்லை.