சோளகத்துக்கு எதிரே

ஆனையிறவில் ஆடி மாதச் சோளகம் நேரே நெஞ்சில் அடிக்கும். தெற்கு நோக்கிச் சைக்கிள் மிதிப்பவருக்கு அந்த வெளியில் ஒதுங்க ஒரு பனைகூட இல்லை. உப்பளமும் கடனீரேரியும் வெளுத்த மண்ணும்தான். அவற்றின் நடுவே கண்டி வீதியும் றெயில் பாதையும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில் தட்டை வடைப் பொட்டலங்களைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கலகலப்பாக வெளிக்கிட்ட எங்கள் கூட்டம் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தியது. நாங்கள் போகவேண்டியது தீவின் மறுமுனை, தெய்வேந்திரமுனை.

கூட்டமாகச் சைக்கிள் ஓடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவர் அவருடைய சில்லுக்கு ஒரு முழம் விட்டு ஒட்டிக்கொண்டு வந்தால் களை குறையும். சிறிது தூரத்தில் முன்னவர் ஒதுங்கிப் பின்னுக்குப் போக, அடுத்தவர் காற்றுக்கு முகம் கொடுப்பார். எங்களில் மாத்தறைக்காரர் இருந்தார்கள், கொழும்பிலே வேலை பார்க்கிற பெண்கள் இருந்தார்கள், லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வந்த என் வயதுக்காரர் இருந்தார்கள், யாழ்ப்பாணத்து மருத்துவ மாணவன் ஒருவனும் இருந்தான். தமிழ் தெரியாதவரும் சிங்களம் தெரியாதவரும் கையால் சைகை காட்டி இடம் மாறிக்கொண்டோம். சேர்க்கிற காசு தெல்லிப்பழையில் வைத்தியம் பெறுகிற புற்றுநோயாளருக்கு.

இந்த வழியைத் திறந்துவைத்தவர்கள் நடந்து போனவர்கள். 2011 இல், போர் முடிந்து இரண்டு வருடத்தில், ஒரு கூட்டம் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைக்கு நடந்து வந்தது. 27 நாள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர். தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டுவதற்காக அந்த நடை. நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் அதை முன்னெடுத்தார்கள். 2016 இல் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு, காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்காக மறுபடி நடந்தார்கள். வடக்கின் நோயாளிக்காகத் தெற்கும், தெற்கின் நோயாளிக்காக வடக்கும் கால் வைத்த அந்த இரண்டு நடைகளையும் இந்த நாட்டில் நடந்த நல்ல காரியங்களில் முன்வரிசையில் வைக்கிறேன்.

தெல்லிப்பழை என்ற பெயர் எனக்குப் பெரியம்மாவைத்தான் கொண்டுவரும்.

நாங்கள் இணுவில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து வடக்கே கொஞ்சத் தூரத்தில் இருந்த தெல்லிப்பழைப் பக்கம் ஷெல்லடியில் வெறிச்சோடிக் கிடந்தது. பெரிய வைத்தியமென்றால் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மகரகம போவதென்றால் ஆனையிறவு பூட்டு. பாஸ் எடுத்து, இரவில் கிளாலியில் வள்ளம் ஏறி, விடிய அக்கரை சேர்ந்து, வன்னிக் காட்டைக் கடந்து வவுனியாவுக்குப் போய்ச் சேரவேண்டும். 1993 ஜனவரியில் அந்தக் கடலிலே வள்ளத்தில் போன சனங்களைக் கொன்றார்கள். பெரியம்மா மாட்டேன் என்றுவிட்டார். "செத்தாலும் என்ரை முத்தத்திலை சாகிறன்" என்றவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

மிச்சமிருந்தது யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. கொண்டுபோக வாகனம் கிடையாது. 1990 இல் சண்டை மறுபடி தொடங்கியதோடு பெற்றோலுக்குத் தடை வந்துவிட்டது. ஓடிய சில மோட்டார்சைக்கிள்களும் சலைன் போத்தலிலிருந்து இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. அப்பா தன்னுடைய ராலி சைக்கிளின் கரியரில் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதற்கு மேலே தலையணையைக் கயிற்றால் கட்டினார். பெரியம்மா ஒரு பக்கமாகக் கால் போட்டு இருந்தார். பழைய சேலை ஒன்றை அவருடைய இடுப்பைச் சுற்றி அப்பாவின் இடுப்போடு முடிந்தோம். நான் என் சைக்கிளில் பக்கத்திலேயே போனேன். காங்கேசன்துறை வீதி முழுக்கக் கிடங்கு. பள்ளம் வரும் முன்னமே அப்பா "தம்பி" என்பார். நான் ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைப் பெரியம்மாவின் முதுகுக்குக் கொடுப்பேன். தாவடி, கொக்குவில், நாச்சிமார் கோவிலடி, தட்டாதெருச் சந்தி. ஒவ்வொரு கிளினிக்குக்கும் அப்படித்தான் போய் வந்தோம். பெரியம்மாவின் முதுகு கிழமைக்குக் கிழமை மெலிந்ததை நான் கண்ணால் காண முன்னம் கையால் அறிந்தேன்.

தெருவில் யாரும் எங்களை நின்று பார்த்ததில்லை. அப்படிப் போவது அன்றைக்கு எல்லோர் வீட்டிலும் நடந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்கள் கரியரில் போனார்கள், பிள்ளையோடு கரியரில் திரும்பி வந்தார்கள். காயப்பட்டவர்களை முன்பாரில் சாய்த்துவைத்துப் பின்னால் இன்னொருவர் ஓடி ஓடித் தள்ளிக்கொண்டு போவார். டபிள் போனால் பொலிஸ் பிடித்துத் தண்டம் எழுதிய காலத்தை அப்பா கதையாகச் சொல்வார். எங்களுக்கு அது நம்பமுடியாத கதை, ஏனென்றால் நாங்கள் பார்த்த யாழ்ப்பாணத்தில் தனியே ஒருவர் மட்டும் போகிற சைக்கிள் அருமை. வன்னியிலிருந்து விறகு வந்ததும் சைக்கிளில். மண்ணெண்ணெய்க் கலன்களும் சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும் வவுனியாவிலிருந்து வந்ததும் சைக்கிளில். அந்தச் சைக்கிள்காரர்களின் கெண்டைக்கால் நரம்புகளை நான் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். தொடை உயரத்துக்கு மூட்டை. ஹாண்டில் தூக்கிவிடாமல் இருக்க முன்னாலும் ஒரு சுமை. மிதிக்க முடியாத இடத்தில் உருட்டினார்கள், உருட்ட முடியாத கொம்படி, ஊரியான் வெள்ளத்தில் தோளில் தூக்கினார்கள்.

இரவில் அதே சைக்கிள் வீட்டுக்குள் வந்து றேடியோவுக்கு மின்சாரம் தந்தது. மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, ஜாம் போத்தல் விளக்கில் பஞ்சை நனைக்கிற அளவுக்குத்தான் மண்ணெண்ணெய். விறாந்தையில் ராலியை ஸ்ராண்டில் ஏற்றிவிட்டு, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுப்போம். டைனமோ தருவது 6 வோல்ட், அதுவும் திசை மாறி மாறி வருகிற மின். நேரே கொடுத்தால் றேடியோ உறுமும். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்த எங்கள் வயதுப் பெடியளெல்லாம் நாலு டயோட்டைப் பாலமாகப் பற்றவைத்து அதை நேராக்கப் பழகியிருந்தோம். பாடப்புத்தகத்தில் இருந்த அந்தப் படம் ஊரில் ஒவ்வொரு விறாந்தையிலும் வேலை செய்தது. பி.பி.சி. தமிழோசை தொடங்குகிற நேரம் ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும். கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கம்மிப்போகும். "சுத்தடா, சுத்தடா" என்று சுற்றி இருந்தவர்கள் கத்துவார்கள். ஆட்கள் செத்த தொகையைச் சொல்லும் இடத்தில் எப்போதும் யாரோ ஒருவர் என்னை விலக்கிவிட்டுத் தானே பெடலைப் பிடித்துச் சுற்றுவார். அயலட்டையில் ஏழெட்டு வீட்டுச் சனம் அந்த ஒரு சில்லைச் சுற்றி இருந்தது. அந்த வீடுகளில் இன்றைக்கு இரண்டில்தான் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். மற்றவற்றில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள், ஒன்று பற்றை மூடிப் போயிற்று.

பெரியம்மா 1995 ஐக் காணாமலே போய்விட்டார். அந்த வருடம் ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமமே கிளம்பிச் செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. ஏறி ஓட இடமில்லை, எல்லோரும் சைக்கிளை உருட்டினோம். அப்பாவின் கரியரில் அம்மாவின் தையல் மெசின் கட்டியிருந்தது. அம்மாவின் சீதனத்தில் உருப்படியாக மிஞ்சிய சாமான் அது ஒன்றுதான். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு வயதான மனுசி சேற்றுக்குள்ளே இருந்துவிட்டார். கூட வந்தவர்களைத் தவறவிட்டுவிட்டார்போல. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லாமல் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். மெசினைத் தெருவோரத்தில், ஒரு மதகுக் கட்டில் வைத்தோம். அந்த மனுசியைக் கரியரில் ஏற்றிக்கொண்டு கைதடி மட்டும் போனோம். அவருடைய பெயரை அம்மா கேட்டிருப்பார், எனக்குத் தெரியாது. அம்மா பிறகு எத்தனையோ இழப்பைப் பற்றி அழுதிருக்கிறார். மெசினைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அடுத்த வருடம் அப்பாவும் அம்மாவும் இணுவிலுக்குத் திரும்பினார்கள். சித்தப்பா வன்னிக்குப் போகப் புறப்பட்டபோது அப்பா அந்த ராலியை அவரிடம் கொடுத்துவிட்டார். "அங்கை உனக்குத்தான் தேவைப்படும்" என்றாராம். கிளாலிக் கடல் தாண்டி அது கிளிநொச்சிக்குப் போனது.

எங்கள் கூட்டம் கிளிநொச்சியில் இரவு தங்கியபோது சித்தப்பா கனகபுரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார். மண்டபச் சுவரோரம் நிரையாகச் சாத்தியிருந்த சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். என்னுடையதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். காபன் சட்டம், எட்டுக் கிலோவுக்குள் நிறை. மட்கார்ட் இல்லை, பெல் இல்லை, ஸ்ராண்ட் இல்லை.

"இதிலை ஒருத்தரையும் ஏத்தேலாது என்ன, தம்பி?"

"ஏலாது சித்தப்பா."

"அப்ப ஆருக்கும் வழியிலை ஏலாமல் வந்தால்?"

பின்னால் வான் வருகிறது, அதில் டொக்டர் இருக்கிறார், தண்ணீரும் மாற்று ரியூப்பும் இருக்கிறது என்று சொன்னேன். "அது நல்லதுதான்" என்று தலையாட்டினார். அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தக் கேள்வி மாங்குளம் மட்டும் கூடவே வந்தது. முன்னவர் காற்றை வாங்க, பின்னவர் களைப்பாறுவது நல்ல முறை. அதற்குள்ளே அன்பு இருக்கிறது. ஆனால் ஒருவருடைய முழு உடற்பாரமும் மற்றவருடைய சைக்கிளில் இருக்கும்போது, மேட்டிலே மிதிக்கிறவரின் மூச்சு முதுகுவழியே பின்னால் இருப்பவருக்குக் கேட்குமே, அந்த நெருக்கம் எங்கள் ஊரில் ஒரு காலத்தில் தெருவெல்லாம் ஓடியது. அதைத் திரும்பக் கேட்டால் அந்தக் காலத்தின் ஷெல்லடியையும் பட்டினியையும் சேர்த்துக் கேட்டதாகிவிடும். அதை நான் கேட்கமாட்டேன். நெருக்கம் போனதற்காக வருந்தவும் செய்கிறேன்.

ராலியைப் பற்றிச் சித்தப்பாவிடம் கேட்டேன். கடைசிச் சண்டையின்போது கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாக அதை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். முதலில் கரியரில் நெல், பிறகு தறப்பாள், கடைசியில் சித்தி. காலில் காயம். முள்ளிவாய்க்காலில் அதை விட்டுவிட்டுச் சித்தியைத் தூக்கிக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்திருக்கிறார்கள். போர் முடிந்த பிறகு அந்தத் தெருவால் போனவர்கள் கண்டிருப்பார்கள். பஸ்சும் லொறியும் மோட்டார்சைக்கிளுமாகக் குவிந்து கிடந்த துருவுக்குள்ளே சைக்கிள்களும் மலையாகக் கிடந்தன. சித்தப்பா ஒருமுறை போய்த் தேடியிருக்கிறார். ஹாண்டிலில் அப்பா சுற்றிய பச்சை வயரை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தாராம். "எல்லாம் ஒரே நிறமாய்ப் போச்சு மோனை."

மறுநாள் முறிகண்டியில் எல்லோரும் இறங்கினோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்தத் தெருவில் எந்த வாகனமும் போனதில்லை. மாத்தறைப் பெடியன் ஒருவன் கச்சான் வாங்கி எல்லோருக்கும் பங்கு போட்டான். வவுனியா தாண்டியதும் தெரு என் நினைவை விட்டுப் புதிய தெருவாகிவிட்டது. மதவாச்சி, தம்புள்ள, குருநாகல் எல்லாம் நல்ல நிழல், வழி நெடுகச் செவ்விளநீர் வெட்டித் தந்த கைகள்.

வெலிகமப் பக்கம் ஒரு மீன்காரர் எங்களோடு சேர்ந்துகொண்டார். பழைய லுமாலா, பின்னால் மரப்பெட்டி, அதன் மேலே தராசு. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வேகத்துக்கு மிதித்தார். மாத்தறைக்காரர்கள் விசயத்தைச் சொன்னதும் நிறுத்தி, பெட்டியைத் திறந்து, ஈரக் காசு கொஞ்சம் எடுத்துத் தந்தார். தன் தங்கையும் மகரகமவுக்குத்தான் போய் வந்தவள் என்றாராம்.

தெய்வேந்திரமுனை வெளிச்சவீட்டடியில் கைகொடுத்துப் பிரிந்த பிறகு சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். சந்தோசப்பட்டார். பிறகு, அடுத்த முறை புதுக்குடியிருப்பாலே வருவீர்களா என்று கேட்டார். நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பரந்தனில் கண்டி வீதியை விட்டு இடப்பக்கம் திரும்பி ஏ35 இல் போனால் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் வழியாக முல்லைத்தீவு. அங்கிருந்து ஒட்டுசுட்டானுக்கூடாக ஏ34 இல் வந்து மாங்குளத்தில் மறுபடி கண்டி வீதியைப் பிடிக்கலாம். பயணத்தில் ஒரு நாள் கூடும். தங்க ஒரு பள்ளிக்கூட மண்டபம் பார்க்கவேண்டும். ஏற்பாட்டுக்காரருக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். முல்லைத்தீவில் சித்தப்பாவும் வந்து நிற்பார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.