எண்ணெய் தேய்த்த உடம்பு

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்க, விடியற்காலைத் தேத்தண்ணியோடு மனைவி சாமான் துண்டு எழுதிக்கொண்டிருந்தாள். உளுந்து அரைக் கிலோ. நல்லெண்ணெய் ஒரு போத்தல். சீனி ஒரு கிலோ என்று எழுதி, வெட்டி, அரைக் கிலோ என்று திருத்தினாள். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட வீட்டில் இரண்டு பேருக்கு எவ்வளவு சீனி வேண்டும்? அந்த நேரத்தில்தான் மேல்மாடிப் பொடியன் காற்சட்டையும் பெனியனுமாக இறங்கி வந்து, எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு வசலின் டப்பாவைத் திறந்து தொடையின் உட்புறத்திலும் கக்கத்திலும் பளபளக்கப் பூசத் தொடங்கினான்.

"என்ன தம்பி, நோவோ?"

"இல்ல அங்கிள். இன்னைக்கி இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஓடணும். ஒரசிப் புண்ணாகாம இருக்கத்தான்."

ஹற்றன் பக்கத்துப் பிள்ளை. கொழும்பில் ஒரு கொம்பனியில் வேலை. கிருலப்பனைக் கால்வாய்க் கரையோரமாக ஓடி, வெள்ளவத்தையில் கடலைத் தொட்டு, மரைன் டிரைவில் மேலும் கீழுமாகக் கணக்கை முடித்துவிட்டு, களனிவெளிப் பாதையில் அலுவலக ரயில்கள் நெரிபடத் தொடங்கும் வேளையில் வீடு திரும்புவான். அவன் போய் வெகுநேரம் அந்த டப்பாவே என் நினைவில் நின்றது. இவன் ஓடுவதற்காக மேலில் பசை பூசுகிறான். நான் வளர்ந்த வீட்டிலோ, எண்ணெய் பூசினவன் ஓடவே கூடாது.

அது ஆச்சியின் சட்டம். தீபாவளியன்று நாலு மணிக்கே எழுப்பி, முற்றத்தில் பலகை போட்டு இருத்தி, உச்சியில் நல்லெண்ணெயை வைத்து அழுத்துவா. காது மடல், கழுத்து, முதுகு, உள்ளங்கால் என்று ஒன்றையும் விடமாட்டா. பிறகு அரை மணித்தியாலம் ஊற வேண்டும். அந்த அரை மணித்தியாலத்தில்தான் எங்களுக்குக் கால் துருதுருக்கும். பக்கத்து ஒழுங்கையில் சீன வெடி கேட்கும். எழும்பி ஓடினால் ஆச்சியின் குரல் வேலிக்கு அப்பாலும் கேட்கும்: "எண்ணெய் ஊறின உடம்போடை ஓடித் திரியாதை, சூடு உள்ளுக்கை நிண்டிடும்!" சீயாக்காயும் வெந்தயமும் அவித்து அரைத்ததைத் தலையில் தேய்த்துக் கடைசிப் பசை போகும்வரை முழுக வார்த்த பிறகும் சட்டம் முடிந்துவிடாது. அன்றைக்கு முழுதும் வெயிலில் அலையக் கூடாது, பகலில் படுக்கக் கூடாது.

"சூடு உள்ளுக்கை நிண்டிடும்" என்பதை நெடுங்காலம் பிள்ளைகளை அடக்கி வைக்கும் பேச்சென்றே எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் பிரான்சிஸ்கோ லாசரோவைப் பற்றி வாசித்தேன்.

போர்த்துக்கல் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்பியது 1912இல், ஸ்டொக்ஹோமுக்கு. நாட்டின் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் லாசரோ. லிஸ்பனில் தச்சுவேலை செய்து பிழைத்த தொழிலாளி. யூலை 14ஆம் திகதி மரதன் ஓட்டம். சுவீடனில் யாரும் எதிர்பாராத வெயில், ஏறக்குறைய 32 பாகை. தோல் வெந்துபோகும் என்று பயந்து, ஓட்டத்துக்கு முன் அவன் உடம்பெல்லாம் பூசிக்கொண்டான். மெழுகு என்பார் சிலர், கொழுப்பு என்பார் சிலர். எதுவாயினும் வியர்வைத் துளைகள் அடைபட்டுப் போயின. வியர்வை வெளியே வந்து காற்றில் ஆறினால்தான் உடம்பு குளிரும். அவனுக்கு அந்த வாசல் சாத்தியாயிற்று. முப்பதாவது கிலோமீற்றரை அண்டித் தள்ளாடினான், விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். மறுநாள் காலை வைத்தியசாலையில் உயிர் போயிற்று. இந்தக் கால ஒலிம்பிக் போட்டியில் ஓடி இறந்த முதல் ஆள் அவன்தான். அவனுக்குப் பக்கத்தில் ஆச்சி ஒருத்தி இருந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது. எண்ணெய் வைப்பது பாதி, எடுப்பது மறு பாதி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதே ஓட்டத்தில், அதே வெயிலில் ஜப்பானிய ஓட்டக்காரர் ஷிசோ கனகுரியும் தளர்ந்தார். ஆனால் வழியோரத்து வீடொன்றின் தோட்டத்துக்குள் நுழைந்து, அவர்கள் கொடுத்த பானத்தைக் குடித்து, இளைப்பாறி, யாருக்கும் சொல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார். 1967இல் சுவீடன்காரர் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடித்து வைத்தார்கள். 54 வருடம், 8 மாதம், 6 நாள் என்று நேரம் குறித்தார்கள். 92 வயதுவரை இருந்தார். ஒருவன் செத்ததும் ஒருவர் வாழ்ந்ததும் வழியில் திறந்திருந்த ஒரு படலையால்தான் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் அப்படி ஒரு படலையை நானும் கண்டிருக்கிறேன்.

1974ஆம் ஆண்டு, மாசி மாதம். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னோடியாக மரதன். உண்மையான மரதன் தூரமில்லை, பத்துக் கிலோமீற்றர் இருக்கும். அதற்கென்று யாரும் பயிற்சி எடுத்ததில்லை. இல்லத்துக்குப் புள்ளி சேரவேண்டும், முடித்தவனுக்கெல்லாம் ஒரு புள்ளி என்பதால் வகுப்பே ஓடியது. விடியத் தொடங்க வேண்டிய ஓட்டம், கொடி அசைக்க வேண்டியவர் வந்து சேராததால் பத்து மணிக்குத் தொடங்கிற்று. வெறுங்கால். பலாலி வீதித் தார் உருகும் வெயில். என் வகுப்பு நண்பன் ஒருவன் இரண்டு நாள் காய்ச்சலோடு கிடந்து எழும்பி வந்தவன். ஓடாவிட்டால் இல்லத்துக்குத் துரோகம் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். என்னோடுதான் ஓடினான். ஏழாவது கிலோமீற்றரளவில் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசத் தொடங்கினான். "மணி அடிச்சிட்டுதே?" என்று இரண்டு தரம் கேட்டான். பிறகு நேராகப் போகாமல் வேலிப் பக்கமாகச் சரிந்து, கிளுவை மரத்தடியில் விழுந்தான். தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் வைத்த சட்டி போலச் சுட்டது.

அந்த வேலிக்கு உள்ளே மிளகாய்த் தோட்டம். வெளிநாட்டு மிளகாய், வெங்காயம் வராமல் அரசாங்கம் தடுத்திருந்த காலம், யாழ்ப்பாணத்துச் செம்மண் எல்லாம் பொன் விளைந்த காலம். கிணற்றடியில் மண்ணெண்ணெய் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. தண்ணீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தலையில் துவாய் கட்டிய ஒரு அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தா. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "தூக்கடா!" என்றா. இரண்டு பேருமாகத் தூக்கி, உடுப்போடு அவனைத் தொட்டிக்குள் இறக்கினோம். மெஷின் தண்ணி அவன் நெஞ்சில் விழுந்தது. அவ ஒரு கையால் அவன் தலையைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் உச்சியில் அள்ளி அள்ளி வார்த்தா. வார்த்தபடியே ஏசினா. யாரை ஏசினா என்று எனக்கு விளங்கவில்லை. ஓட விட்டவர்களையா, ஓடின எங்களையா, அந்த வெயிலையா? கால்மணி நேரம் கழித்து அவன் கண் திறந்து, "குளிருது" என்றான். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அவ அழுதா.

வைத்தியசாலைக்கு அவனைக் கொண்டுபோக கார் பிடித்து வந்தது அதற்கும் பிறகுதான். கடும் உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் உள்ளுடல் 40 பாகையைத் தாண்டும், புத்தி தடுமாறும். அப்போது முதலில் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்து, பிறகு வண்டியில் ஏற்று, அரை மணித்தியாலத்துக்குள் சூட்டை இறக்கினால் பிழைக்க வைக்கலாம் என்று இன்றைக்கு விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த அம்மா அதைச் செய்து காட்டி அரை நூற்றாண்டாகிறது. அவவின் பெயரை நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது இன்றும் குறையாகக் கிடக்கிறது.

இதை எழுதுவதற்கு அந்த நினைவு மட்டும் காரணமில்லை. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில், பள்ளி மரதனில் ஓடிய 16 வயதுப் பிள்ளை மயங்கி விழுந்து இறந்துபோனான். செய்தியை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அதே மாசி பங்குனி வெயில், பயிற்சியில்லாத அதே பிள்ளைகள். நெடுந்தூர ஓட்டமே கொடியது என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 2000 தொடங்கிப் பத்து வருடங்களில் மரதனும் அரை மரதனும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது இலட்சம் பேரை எண்ணிப் பார்த்த ஆய்வில், இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். ஆயத்தமாகி ஓடுகிறவனுக்கு ஆபத்து மிகக் குறைவு. காய்ச்சலோடு, பழக்கமில்லாமல், உச்சி வெயிலில் ஓட விடுகிறோமே, அதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. கொழும்பின் புழுக்கத்தில் வெயில்கூட வேண்டியதில்லை. ஐப்பசியில் பின்னேரம் இடி மழை கொட்டி, விடியும்போது காற்றே நனைந்திருக்கும். வியர்வை வழியும், ஆறாது. லாசரோவின் மெழுகை இங்கே ஆகாயமே பூசிவிடுகிறது. அதற்குப் பயந்து தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே ஓடினாலும் கேடுதான், இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். 2002இல் பொஸ்டன் மரதனை முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பார்த்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு அப்படி இருந்தது.

இவற்றையெல்லாம் பொடியனிடம் ஒருநாள் சொன்னேன். அவனுக்கு முக்கால்வாசி தெரிந்திருந்தது. அவன் எனக்கு வேறொன்று சொன்னான். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிக்குத்தான் காணுமாம். அது முப்பதாவது கிலோமீற்றரளவில் தீர்ந்துபோகுமாம். ஆரவாரத்தில் முதல் பத்துக் கிலோமீற்றரை வேகமாக ஓடினவனுக்கு இன்னும் முந்தித் தீருமாம். "எங்க அப்பா தீபாவளி அட்வான்ஸ் எடுக்கிற மாதிரி அங்கிள்" என்றான்.

தேயிலைத் தோட்டத்துத் தீபாவளி முற்பணத்தைப் பற்றி அவன் சொல்லித்தான் எனக்கு உள்ளே விளங்கிற்று. பண்டிகைக்கு முன் ஒரு தொகை கையில் வரும். ஹற்றன் கடைத்தெருவில் இரண்டு நாளில் கரையும். பிறகு மாதா மாதம் சம்பளத்தில் வெட்டு. தையில் பள்ளிக்கூடக் கொப்பி வாங்கும் நேரத்தில் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவன் சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை. தோட்ட மக்களின் கூலி போதாமல் இருக்கும்வரை அவர்களுடைய தீபாவளிச் செலவைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. வருடத்தில் ஒரு நாள் பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டுப் பார்ப்பது ஆடம்பரமே இல்லை. ஆனால் காலி வீதித் துணிக்கடைகளில், தேவைக்கு மேல் தவணை அட்டையை நீட்டுகிற எங்கள் ஆட்களிடம் சொல்ல எனக்கு ஒன்று உண்டு: 2022ஐ மறந்துவிட்டீர்களா?

அந்த வருடம் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் சித்திரையில் ஒரே அடியாக 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்கு ஏறிற்று. பிறகு சற்று இறங்கினாலும் பயம் இறங்கவில்லை. புரட்டாதியில் கொழும்பில் உணவுப் பொருள் விலை முந்திய வருடத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. ஒக்டோபர் 24, திங்கட்கிழமை, தீபாவளி. எங்கள் மாடிக் கட்டடத்தில் மூன்று வீட்டுக்காரர் சேர்ந்தோம். எங்கள் வீட்டு அடுப்பு, இரண்டாம் மாடியின் எண்ணெய், எதிர்வீட்டின் மாவும் உரலும். ஒரே தாச்சியில் மூன்று வீட்டு முறுக்கு. மூன்று பெண்களுக்கும் முறுக்குக்கு எள்ளா ஓமமா என்பதில் ஒற்றுமை வரவில்லை, பாதி பாதியாகப் போட்டார்கள். அவ்வளவு சிரிப்பை இந்தக் கட்டடம் அதற்கு முன் கேட்டதில்லை. வசதி திரும்பியதும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் முறுக்கைச் சுட்டோம்.

எங்களூரில் இப்படிச் சேர்ந்து செய்வதற்குப் பெயரே இருந்தது, பங்கு. தீபாவளிக்கு அயலில் பத்துப் பதினைந்து குடும்பம் காசு போட்டு ஒரு கிடாய் வாங்கும். வளவொன்றில் வைத்து அடித்து, ஓலையைப் பரப்பி, கூறு போடுவார்கள். தொடையில் ஒரு துண்டு, விலாவில் ஒரு துண்டு, ஈரலில் விரலளவு, எலும்பில் ஒரு கை என்று எல்லாக் கூறிலும் எல்லாம் இருக்கும். பணக்காரன் இரண்டு பங்கு எடுக்கலாம், ஆனால் நல்ல பங்கு என்று ஒன்று கிடையாது. காசு போட முடியாத கிழவிக்கும் ஒரு சின்னக் கூறு ஒதுங்கும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பாணுக்கு வரிசை நின்ற 1974இலும் பங்கு நடந்தது. அப்பா ஒரே துணியில் மூன்று பேருக்கும் சட்டை தைப்பித்தார். மூன்று பேரும் ஒரே சட்டையோடு பங்கு வாங்கப் போனோம். தொட்டியில் கிடந்து எழும்பிய என் நண்பனும் பறியோடு வரிசையில் நின்றான். அவன் அங்கே நின்றதே எனக்கு அந்த வருடத் தீபாவளி.

இந்தத் தீபாவளிக்குப் பொடியனுக்கு லீவு கிடைக்கவில்லை. முதல்நாள் இரவு மனைவி மேலே போய்க் கதவைத் தட்டி, "விடிய நாலரைக்குக் கீழை வாரும் தம்பி, ஓட்டம் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தாள். துண்டில் அரைக் கிலோவாக இருந்த உளுந்து முக்கால் கிலோவாகியிருந்ததை நான் கண்டேன், கேட்கவில்லை.

நாலரைக்கு வந்தான். முற்றமில்லாத வீட்டில் படிக்கட்டுத்தான் பலகை. மனைவி அவன் உச்சியில் எண்ணெய் வைத்து அழுத்தினாள். முதலில் தோளை ஒடுக்கிக்கொண்டு இருந்தவன், உள்ளங்கால் வந்தபோது கண்ணை மூடிவிட்டான். "எவ்ளோ நேரம் ஊறணும் ஆன்ட்டி?" என்றான். "அரை மணித்தியாலம்" என்றாள். அவன் கையில் கட்டியிருந்த ஓட்டக் கடிகாரத்தில் முப்பது நிமிடம் வைத்தான். நானும் எண்ணெய் வழிய மேல்படியில் உட்கார்ந்தேன். ஹை லெவல் வீதியில் முதல் பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன. நேரம் பாதி போயிருக்கும், அவன் கடிகாரம் அதிர்ந்து கீச்சிட்டது.

"என்னவாம்?"

"ரொம்ப நேரமா அசையாம இருக்கேனாம் அங்கிள். எந்திரிக்கச் சொல்லுது."

குசினிக்குள் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தவளின் குரல் வந்தது: "இரு!"

அவன் அதைக் கழற்றிப் படியில் வைத்தான்.