முதல் மறுமொழி: தமிழ் விக்கிப்பீடியாவில் வரவேற்பும் அளவளாவலும்

ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பலர் கூடி எழுதும் இடத்தில் எழுதுவது எந்த அளவுக்குப் பணியோ அந்த அளவுக்குப் பேசுவதும் பணியே என்பதை, 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவின் அன்றாட நடப்பைக் கூர்ந்து கவனிப்பவர்கள் அறிவார்கள். இக்கலைக்களஞ்சியத்தில் எழுத எவரிடமும் முன் அனுமதி பெற வேண்டியதில்லை. பட்டம், பதவி, வயது எதையும் எவரும் கேட்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரும் பள்ளி மாணவரும் ஒரே கட்டுரையின் இரு பத்திகளை ஒரே நாளில் திருத்திக்கொண்டிருக்க முடியும். உள்ளே வருவது இத்தனை எளிதாக இருப்பதாலேயே வெளியேறுவதும் எளிதாகிவிடுகிறது; வந்தவர் சொல்லாமல் போய்விட்டால், அவர் போனதை எவரும் கவனிப்பதுகூட இல்லை. வந்தவர் நிலைப்பதையும் நிலைக்காததையும் விதிமுறைகளைக் காட்டிலும் பெரிதும் தீர்மானிப்பது, முதல் சில நாள்களில் அவருடன் பேசியவர்கள் பேசிய விதமே. வரவேற்பும், அதனோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கும் அன்றாட அளவளாவலும், கற்றுத் தேர வேண்டிய கைத்திறன்கள் என்ற கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பேச்சு நிகழும் இடங்களை முதலில் அறிமுகப்படுத்துவது தேவை. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் அக்கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. கணக்குத் தொடங்கிய ஒவ்வொருவருக்கும், அதாவது ஒவ்வொரு பயனருக்கும், பிறர் வந்து செய்தி விட்டுச்செல்லத்தக்க தனிப் பேச்சுப் பக்கமும் உண்டு. சமூகம் முழுவதற்கும் பொதுவான செய்திகளையும் கருத்து வேறுபாடுகளையும் பேசும் பொதுவிடத்திற்கு ஆலமரத்தடி என்று பெயர். ‘இதை எப்படிச் செய்வது’ என்று கேட்பதற்கு ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. எழுதிப் பழகுவதற்கு மணல்தொட்டி இருக்கிறது. எல்லாப் பக்கங்களிலும் நிகழும் திருத்தங்கள் அண்மைய மாற்றங்கள் என்னும் பட்டியலில் நேர வரிசையில் தோன்றுவதால், புதியவர் ஒருவர் எழுதிய முதல் வரி சில நிமிடங்களிலேயே பழைய பயனர் ஒருவரின் கண்ணில் பட்டுவிடுகிறது. வரவேற்பு என்னும் திறன் செயற்படத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

கணக்குத் தொடங்கியவரின் பேச்சுப் பக்கத்தில் பெரும்பாலும் முதலில் வந்து அமர்வது, முன்பே ஆயத்தம் செய்து வைக்கப்பட்ட ஒரு வரவேற்புச் செய்தி. இத்தகைய ஆயத்தப் பகுதியை விக்கிப்பீடியர்கள் வார்ப்புரு என்பர். ஒருமுறை வடிவமைத்துவிட்டால் எத்தனை பக்கங்களிலும் அதை இட முடியும். வணக்கம் சொல்வதற்கும் உதவிப் பக்கங்களின் இணைப்புகளைத் தருவதற்கும் அது போதுமானது; ஆனால் அது எல்லாருக்கும் ஒன்றே என்பது புதியவருக்கும் தெரியும். அவர் காத்திருப்பது, தம் வேலையைக் கண்ட மனிதர் ஒருவரின் சொல்லுக்காக. ஆகவே, வரவேற்பு நிகழ்வது வணக்கம் சொல்லும்போதன்று, புதியவரின் முதல் செயலுக்கு முதல் மறுமொழி கிடைக்கும்போது என்று கொள்வதே பொருந்தும்.

இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே அருகில் நின்று பார்க்கலாம். புதிதாக வரும் பலர் முதலில் எழுதுவது தம் ஊரைப் பற்றி. ஊர்க் கட்டுரையைத் திறந்து, ‘இங்கு மிகவும் புகழ்பெற்ற, அழகான அம்மன் கோயில் உள்ளது’ என்று ஒரு வரியைச் சேர்க்கிறார்கள். கலைக்களஞ்சிய நடைக்குப் புகழுரை பொருந்தாது; வரிக்குச் சான்றும் இல்லை. பழைய பயனர் அந்த வரியை நீக்கிவிட்டு, திருத்தத்தின் காரணத்தைச் சுட்டும் சிறிய இடமாகிய தொகுப்புச் சுருக்கத்தில் ‘சான்று இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாம். விதிப்படி அதில் குறை காண முடியாது. மாறாக, ‘மிகவும் புகழ்பெற்ற, அழகான’ என்னும் சொற்களை மட்டும் எடுத்துவிட்டு, எழுதியவரின் பேச்சுப் பக்கத்தில் இவ்வாறு எழுதலாம்: ‘வணக்கம். ஊர்க் கட்டுரையில் அம்மன் கோயிலைச் சேர்த்ததற்கு நன்றி. புகழ்ந்து சொல்லும் சொற்களைக் கலைக்களஞ்சியத்தில் தவிர்ப்பது வழக்கம் என்பதால் அவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். கோயில் எப்போது கட்டப்பட்டது என்பதற்கு நூலோ நாளிதழ்ச் செய்தியோ கிடைக்குமா? கிடைத்தால் சொல்லுங்கள், மேற்கோளாக இணைக்கும் முறையைக் காட்டுகிறேன்.’

இரண்டாவது மறுமொழியை எழுத ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகலாம். அந்த நேரத்தில் பல செயல்கள் நடந்தேறுகின்றன. புதியவர் செய்த வேலை இன்னது என்று பெயர் சொல்லி ஏற்கப்படுகிறது. எது நீக்கப்பட்டது, எது நிலைத்தது என்பது தெளிவாகிறது. காரணம், ஆளின் குறையாக அல்லாமல் இடத்தின் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. எல்லாவற்றையும்விடச் சிறந்தது அதிலுள்ள கேள்வி. அந்த ஊர்க் கோயிலைப் பற்றிப் பழைய பயனருக்குத் தெரியாது, புதியவருக்குத் தெரியும். ஆகவே கேள்வி கேட்கப்பட்ட கணத்தில், திருத்தப்பட்டவராக நின்றவர் தகவல் தரத்தக்கவராகிறார். விடை சொல்வதற்கு அவர் மீண்டும் வர வேண்டியிருக்கிறது. வந்தவர் அடுத்த வரியையும் எழுதுவதற்கான வாய்ப்பு பிறக்கிறது. தேர்ந்த வரவேற்பாளர்களின் செய்திகள் பெரும்பாலும் கேள்வியில் முடிவதன் காரணம் இதுவே.

இதைப் புறக்கணித்தால் விளைவது என்ன என்பதை ஆங்கில விக்கிப்பீடியாவின் வரலாறு காட்டுகிறது. 2001இல் தொடங்கிய அத்தளத்தில் தொடர்ந்து பங்களிப்போரின் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டு, பிறகு சரியத் தொடங்கியது. ஆரோன் ஹாஃபேக்கர் உள்ளிட்டோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இச்சரிவை ஆராய்ந்து, புதியவர்கள் தரம் குன்றிப்போனதைக் காரணமாகக் காணவில்லை. தரத்தைக் காப்பதற்காக உருவாக்கப்பட்ட அரைத் தானியங்கிக் கருவிகளும் இறுகிப்போன விதிகளும், நல்லெண்ணத்தோடு எழுத வந்தவர்களின் முதல் முயற்சிகளையும் சேர்த்துத் தள்ளிவிட்டதைச் சுட்டிக்காட்டியது. விஷமத்தை விரைந்து நீக்கக் கட்டப்பட்ட இயந்திரம், அறியாமையையும் விஷமத்தையும் ஒரே வேகத்தில் நீக்கியது என்று அதன் சாரத்தைக் கூறலாம். புதியவர்கள் மனிதர்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்பதற்கென்று 2012இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘டீஹவுஸ்’ என்னும் தேநீரகப் பக்கம் திறக்கப்பட்டது இப்பின்னணியில்தான். 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டிய தமிழ் விக்கிப்பீடியா, எழுதுவோர் எண்ணிக்கையில் மிகச் சிறியது. சிறியது என்பதாலேயே ஒவ்வொரு புதியவரையும் கையால் எழுதிய செய்தியோடு எதிர்கொள்ளும் வாய்ப்பு அதற்கு இருக்கிறது. இவ்வாய்ப்பைக் கருவிகளிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.

வரவேற்பு தனித்து நிற்பதில்லை. அதற்குத் தளமாக அமைவது அன்றாட அளவளாவல். மானிடவியலர் புரோனிசுலாவ் மலினோவ்சுகி, டிரோபிரியாண்டுத் தீவுகளில் தாம் செய்த களப்பணியை அடிப்படையாகக் கொண்டு 1923இல் வெளியிட்ட கட்டுரையில், தகவல் சொல்வதற்காக அன்றி, உறவைப் பேணுவதற்காகவே பேசப்படும் பேச்சைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். இதைத் தமிழில் உறவுப் பேச்சு எனலாம். எதிரே வருபவரிடம் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பவர் உணவுக் கணக்கு எடுப்பதில்லை. கேட்பதன் மூலம் பேச்சு வழியைத் திறந்து வைக்கிறார். விக்கிப்பீடியாவின் பேச்சுப் பக்கங்களில் இதற்கு ஈடான வடிவங்கள் பல உண்டு. பொங்கல் வாழ்த்து, ஆயிரமாவது கட்டுரையை எழுதியவருக்குப் பாராட்டு, நெடுநாள் காணாதிருந்தவர் திரும்பும்போது நலம் விசாரிப்பு, கேட்ட வேலை முடிந்ததும் இடப்படும் ‘ஆயிற்று’ என்னும் குறி, ஒருவர் சொன்னதை ஏற்கும்போது இடப்படும் ‘விருப்பம்’ என்னும் குறி ஆகியவை கலைக்களஞ்சியத்தில் ஒரு வரியையும் சேர்ப்பதில்லை. ஆயினும் கிரந்த எழுத்தைப் பயன்படுத்தலாமா, ஒரு கட்டுரையை நீக்கலாமா என்பன போன்ற கடும் விவாதங்கள் எழும்போது, எதிர்த்தரப்பில் இருப்பவர் நேற்று வாழ்த்துச் சொன்னவர் என்ற நினைவே சொற்கள் எல்லை மீறாமல் காக்கிறது. வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கப்படுவது, உண்மையில் சச்சரவுக் காலத்திற்கான சேமிப்பு.

அளவளாவலின் இன்னொரு கூறாகிய கேலியைக் கையாள்வதற்கு மேலும் நுட்பம் வேண்டும். மானிடவியலர் ராட்கிளிஃப் பிரௌன் 1940இல் எழுதிய கட்டுரையில், சில உறவுகளுக்குள் ஒருவர் மற்றவரைக் கேலி செய்வதும் அதை மற்றவர் பொறுத்துக்கொள்வதும் வழக்கத்தால் அனுமதிக்கப்பட்டிருப்பதை விளக்கினார்; மானிடவியலில் இதற்குக் கேலி உறவு என்று பெயர். மாமன், மச்சான், அத்தை மகள் என்று முறை வைத்துக் கேலி பேசும் தமிழ்ச் சமூகத்திற்கு இக்கருத்து புதிதன்று. யார் யாரைக் கேலி செய்யலாம் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். இணையத்தில் அந்த முறை கண்ணுக்குத் தெரிவதில்லை. இரு பழைய பயனர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்து அத்தகைய உரிமையைப் பெற்றிருக்கலாம். நேற்று வந்தவர் அதை அறிய வழியில்லை.

ஆலமரத்தடியில் பழைய பயனர் ஒருவர் தம் நண்பரைப் பற்றி, ‘இவருக்கு உறக்கமே கிடையாது போலும், விடிய விடியப் பகுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதுவதாகக் கொள்வோம். பகுப்பு என்பது ஒரே பொருளைச் சார்ந்த கட்டுரைகளை ஒன்றாகத் தொகுக்கும் அடையாளம். நண்பர் சிரிப்பார். பகுப்பு என்றால் என்னவென்றே தெரியாத புதியவருக்கோ, அது கண்டனமாகத் தோன்றலாம். இரவெல்லாம் உழைப்பவர்களுக்கே இங்கு இடம் என்றும் படலாம். நேரில் பேசுகையில் குரலும் முகமும் இத்தகைய ஐயத்தைத் தீர்த்துவிடும். எழுத்தில் அவை இல்லாத குறையை உணர்ந்தே கணினி அறிவியலர் ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19 அன்று, முக்காற்புள்ளி, சிறுகோடு, பிறை அடைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சிரிப்புக் குறியை முன்மொழிந்தார். குறி உதவும், ஆனால் சிரிப்பின் காரணத்தை அது விளக்குவதில்லை. ஆகவே தேர்ந்தவர்கள் அத்தகைய கேலிக்கு அடுத்த வரியிலேயே, பகுப்பு என்பது என்ன, நண்பர் செய்துவரும் வேலை என்ன என்பதை விளக்கி, விரும்புவோர் சேர்ந்துகொள்ளலாம் என்று அழைக்கிறார்கள். இருவருக்குள் நிகழ்ந்த சிரிப்பு இவ்வாறு மூன்றாமவருக்கான அழைப்பாகிறது.

கேலிக்கு இலக்காவது எது என்பதிலும் கவனம் வேண்டும். எல்லாருக்கும் பொதுவான தொல்லையையும், பேசுபவர் தம்மையும் பற்றிய வேடிக்கை எவரையும் வெளியேற்றாது. புதியவரின் எழுத்துப் பிழை, ஊர், பேச்சு வழக்கு, பெயர் ஆகியவை எந்நாளும் கேலிப்பொருள் ஆகலாகாது. தமிழ்ப் பெயர்களிலிருந்து சாதியையும் சமயத்தையும் ஊகிக்கும் பழக்கம் நிலவும் சூழலில், பெயரைத் தொட்ட வேடிக்கை காயமாக முடிவதற்கு நெடுநேரம் ஆகாது. மேலும், விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு திருத்தமும் பக்க வரலாற்றில் பதிவாகிறது. தேநீர்க் கடையில் சொன்னது காற்றோடு போகும், இங்குச் சொன்னது பல ஆண்டுகள் கழித்துப் படிப்பவருக்கும் அப்படியே கிடைக்கும்.

விளிப்பதிலும் இதே கவனம் தேவைப்படுகிறது. எதிரே இருப்பவரின் வயதும் பாலும் தெரியாத நிலையில் ‘தம்பி’ என்று விளிப்பது அவரை ஒரு படி கீழே இருத்திவிடுகிறது; எல்லாரையும் ‘ஐயா’ என்பது பெண் பயனர்களை இல்லாதவர்களாக்குகிறது. பயனர் பெயரைச் சொல்லி, ‘வணக்கம்’ என்று தொடங்கி, ‘நீங்கள்’ என்று பேசுவதே பாதுகாப்பான வழி. அண்ணன், அக்கா என்னும் உறவு விளிகள் பழக்கத்தில் தாமாக வளர வேண்டியவை. வட்டார வழக்கு மற்றொரு சோதனை. இலங்கை மரபில் ரொறன்ரோ என்று எழுதப்படும் நகரைத் தமிழ்நாட்டில் டொராண்டோ என்று எழுதுகிறார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் அறிந்து வருபவர் மற்றொன்றைப் பிழையெனக் கருதித் திருத்த முற்படுவது இயல்பு. அவரிடம் விதியைக் காட்டுவதைவிட, இரு மரபுகளும் வழக்கில் இருப்பதைச் சொல்லி, எந்த வடிவத்தில் தேடினாலும் ஒரே கட்டுரைக்கு இட்டுச்செல்லும் வழிமாற்றுப் பக்கத்தை அவர் கையாலேயே உருவாக்கச் சொல்வது நல்லது. கருத்து வேறுபாடாக முடிந்திருக்கக்கூடியது, அப்போது அவரது முதல் தொழில்நுட்பப் பாடமாகிறது.

வரவேற்பு என்பது எதையும் விட்டுக்கொடுப்பது என்று பொருள் கொள்ளலாகாது. பிறர் எழுதியதைப் படியெடுத்து ஒட்டினால், பதிப்புரிமை கருதி அப்பகுதியை உடனே நீக்கியே ஆக வேண்டும். விளம்பரமும் வேண்டுமென்றே செய்யும் சிதைப்பும் அவ்வாறே. கண்டிப்பு செயலில் இருக்கலாம், சொல்லில் இருக்க வேண்டியதில்லை. நீக்கிய கையோடு காரணத்தைச் சொல்லி, அதே செய்தியைச் சொந்த நடையில் எழுதுமாறு கேட்டால், படியெடுத்தவர்களில் சிலரேனும் எழுத்தாளராகிறார்கள். காரணம் சொல்லாமல் நீக்கினால், அதே பகுதியை மீண்டும் ஒட்டிச் சண்டைக்கு நிற்கிறார்கள்.

இத்தனைக்கும் வேண்டிய நேரம் பெரிய சொத்து. ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைப்பவர்களிடம் அது மிகக் குறைவாகவே இருக்கிறது. ஆகவே எல்லாப் புதியவர்களையும் ஒருவரே பார்த்துக்கொள்ள முயல்வதைவிட, ஒவ்வொரு பழைய பயனரும் ஒரு நேரத்தில் ஒரு புதியவரை ஏற்று, அவருடைய முதல் கட்டுரை நிலைபெறும் வரை உடன் வருவது நடைமுறைக்கு உகந்தது. இத்திறன் பலித்ததா என்பதை அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்க இயலாது. ஒத்தாசைப் பக்கத்தில் நேற்று கேள்வி கேட்டவர், இன்று அங்கே வேறொருவர் கேட்ட கேள்விக்கு, எவரும் சொல்லாமலே, பொறுமையாக விடை எழுதுகிறாரா என்பதே நம்பத்தக்க அளவுகோல். அவ்விடையில் சிறு பிழை இருந்தாலும் பழைய பயனர்கள் முந்திக்கொண்டு திருத்தாமல் சற்றுப் பொறுத்திருப்பது நன்று. ஏனெனில், அந்த நாளிலிருந்து வரவேற்கும் பொறுப்பில் அவரும் ஒரு பங்குதாரர்.